இறக்கி வைத்த சுருதி

அந்த வருடங்களில் பேசுவதுதான் எனக்கு வேலை. ஹைதராபாத்தில், ஹைடெக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்து யாரிடமும் பேச வேண்டாம். போனில் பேசப்போகிற பிள்ளைகளுக்கு எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வாரங்கல், கரீம்நகர் பக்கங்களிலிருந்து பட்டம் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள். நாக்கை எங்கே மடக்க வேண்டும், எந்த எழுத்தை விழுங்க வேண்டும், வாய்க்கு வந்தபடி திட்டுகிற அமெரிக்காக்காரனிடம் எந்தக் குரலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் காட்டுவேன். காட்டுவது என்றால் பேசிக்காட்டுவது. பொதுவாக ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை கான்வென்ட்டில் நான் படித்த ஆங்கிலம் அமெரிக்காவில் யாருக்காவது புரியுமா என்று எனக்கே சந்தேகம். அதை மட்டும் என்னிடம் யாரும் கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டே பேசுங்கள், சிரிப்பு அந்தப் பக்கம் கேட்கும் என்பது எங்கள் பாடத்தில் முக்கியமான விஷயம். அதனால் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே பேசுவேன். பிறகு கம்பெனி வண்டியில் ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு, குஷாய்குடாவுக்கு வந்து சேருவேன். வழியெல்லாம் வாயைத் திறக்க மாட்டேன். கூட வருகிற பெண்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். இல்லை என்று சொல்லவும் தொண்டை வேண்டுமே.

வீட்டுக்காரருக்கு வேலை பக்கத்திலேயே. அரசாங்கத்தின் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினியர். காலையில் டிபன் டப்பாவோடு நடந்து போவார், சாயங்காலம் சங்கு ஊதினதும் நடந்து வருவார். என்னைப் பார்த்து அவர் பரிதாபப்படுவார், அவருடைய பரிதாபத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும். இப்படியாகப் போய்க்கொண்டிருந்தது குடும்பம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தமிழ்ச் சபையில் கீபோர்டு வாசிப்பார். ஊரில் மிஷன் பள்ளிக்கூடத்திலேயே பியானோ கற்றுக்கொண்டு, நோட்டேஷன் பார்த்து வாசித்து, பரீட்சையெல்லாம் எழுதித் தேறியவர். குறையென்று சொல்வதா நிறையென்று சொல்வதா தெரியவில்லை, தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் வாசிப்பார். அதே பாட்டை வேறு சுருதியில் வாசியுங்கள் என்றால் கை ஓடாது. அதற்குத்தான் கீபோர்டின் இடது மூலையில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறதே. அதை அமுக்கிவிட்டால், விரல்கள் எப்போதும் போகிற இடத்துக்கே போகும், சத்தம் மட்டும் ஏறியோ இறங்கியோ வரும்.

காலை முதல் ஆராதனைக்கு வருகிற ஜனங்களுக்குத் தொண்டை திறந்திருக்காது. சளி, தூக்கக் கலக்கம், முந்தின நாள் ஓவர்டைம். அந்த ஆராதனைக்கு அவர் பட்டனில் இரண்டு படி இறக்கி வைத்துவிடுவார். ஜனங்கள் மேல்வரியை எட்டிப்பிடித்துவிட்டு, இன்றைக்கு நன்றாகப் பாடினோம் என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போவார்கள். இறக்கி வைத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதுதான் அந்த வேலையின் மரியாதை. சபைகளில் கீபோர்டு வாசிக்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

அந்தப் புத்தகம் எங்களுக்கு அபிட்ஸ் கடைத்தெருவில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் சாத்தியிருக்கும்போது நடைபாதையில் பழைய புத்தகங்களை விரித்துவைப்பார்கள். பழைய கம்ப்யூட்டர் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. அட்டை இல்லை, முதல் பக்கங்களும் இல்லை. யார் எழுதியது, எந்த நாட்டுக்காரர், ஒன்றும் தெரியாது. ஒரு குரலுக்கும் ஒரு பியானோவுக்குமாக எழுதின ஆங்கிலப் பாட்டுகள். இவர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, முழங்காலில் விரலால் தாளம் போட்டு வாசித்துப் பார்த்தார். "கோட்டிக்காரப் பாட்டா இருக்கு" என்றார். கோட்டி என்றால் எங்கள் ஊரில் கிறுக்கு. வாங்கிக்கொண்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வீட்டுக் கீபோர்டில் அவர் வாசிக்க நான் பாட ஆரம்பித்தேன்.

பாட்டு என்று சொல்கிறேனே தவிர, ஒவ்வொன்றும் ஒரு சின்ன நாடகம். பாடுகிறவள் யாரோ ஒரு பெண்ணாக வந்து நின்று, எதிரே இருப்பவர்களைப் பார்த்துத் தன் கதையைச் சொல்ல வேண்டும். பாதி பேச்சு, பாதி பாட்டு. ஒருத்தி ஓட்டல் வரவேற்பறையில் நின்று, தன்னுடையதல்லாத அறையின் சாவியைக் கேட்கிறாள். தர முடியாது என்கிற குமாஸ்தாவின் பதில் பியானோவில் வருகிறது. இன்னொருத்தி தன் மூன்று புருஷன்மாரையும் வீட்டிலிருக்கும் மூன்று குடைகளோடு வைத்துப் பேசுகிறாள். மூன்றாவது குடை என்ன செய்தாலும் விரியாது. அந்த இடத்தில் பியானோ அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

எனக்கு உயிர் மூன்றாவது பாட்டு. ஒரு வீட்டுக்காரி விருந்து கொடுத்திருக்கிறாள். வந்தவர்கள் கிளம்புகிற வழியாக இல்லை. உங்கள் கோட்டு அங்கே இருக்கிறது, மழை விட்டுவிட்டது, வண்டி வந்துவிட்டது என்று ஒவ்வொருவராகத் துரத்துகிறாள். அலுப்பென்றால் அவளுக்கு அப்படியொரு அலுப்பு. கடைசி ஆளும் படியிறங்கிப் போய்விட்டான். கதவைச் சாத்திவிட்டு, ஒருவரும் இல்லாத அறையில், அவள் ஒரே ஒரு சொல் சொல்கிறாள்: இரு. அதற்கு ஒரே ஒரு சுரம். பாட்டிலேயே மிக உயரமான சுரம் அதுதான். அதைக் கத்தாமல் மெல்ல விட வேண்டும். கீழே பியானோ ஒரு கார்டை மட்டும், நாலைந்து சுரங்களைச் சேர்த்து அமுக்கினபடி, பிடித்துக்கொண்டு காத்திருக்கும்.

வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிற எனக்கு இந்தப் பெண் சொந்தக்காரி மாதிரி இருந்தாள். அவளாக நின்று எல்லாரையும் வெளியே போகச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

சபைப் பாட்டில் வாத்தியம் எப்போதும் மெட்டைக் கூடவே வாசிக்கும். ஜனங்கள் வழி தவறக்கூடாதல்லவா. இந்தப் பாட்டுகளில் அது கிடையாது. பியானோ எதிர்ப்பேச்சு பேசும், கேலி செய்யும், பேசாமல் இருக்கும், ஆனால் குரலுக்கு உண்டானதைத் தொடாது. இவருக்கு அது பொறுக்கவில்லை. என்னைத் தனியாக விட்டுவிட்டது போல இருக்கிறதாம். வலதுகைச் சுண்டுவிரலால் என் சுரத்தையும் மெல்லத் தட்டிவிடுவார்.

"என் நோட்ட நீங்க வாசிக்காதீங்க. கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் கத்தித்தான் அந்தப் பழக்கத்தை விடவைத்தேன்.

மகள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் தெலுங்கும் இந்தியுமாகப் பதில் சொல்கிறவள். ஒருநாள் அந்தப் பாட்டு முடிந்ததும் கதவோரம் நின்று கேட்டாள். "மம்மி, ஈ ஆன்ட்டி கைக்கு ஏடுஸ்துந்தி?" இந்த ஆன்ட்டி எதற்கு அழுகிறாள் என்று. அழவில்லை, விருந்தாளிகளைத் துரத்துகிறாள் என்றேன். அவள் நம்பவில்லை.

காலனித் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் குடைப் பாட்டைப் பாடினோம். பாட்டு முடிந்ததும் கூட்டம் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தது. முடிந்துவிட்டதா இன்னும் இருக்கிறதா என்று தெரியாத பார்வை. பொருளாளர் மேடை ஓரமாக வந்து, அடுத்து நல்ல பாட்டாக ஒன்று பாடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடிக் கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினோம்.

கோலப் போட்டிக்குப் பரிசு கொடுக்கத் தார்நாகாவிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அங்கே ஆய்வகத்தில் விஞ்ஞானி. தஞ்சாவூர்க்காரர், ஆனால் ஹைதராபாத்தில் முப்பது வருடத்துக்குமேல் இருந்து, நாம் என்ன சொன்னாலும் அந்த ஊர்க்காரர்கள் மாதிரி "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டுகிறவர். மேற்கத்திய சங்கீதத்தில் கிறுக்கு. அவர்தான் நேராக எங்களிடம் வந்து, "இது காபரே பாட்டுன்னா? இங்கே யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் சபை மூப்பர் ஒருவர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காபரே என்றால் நம் ஆட்களுக்கு ஜிகினா உடுப்பும் சினிமாவில் வில்லனுடைய கிளப்பும்தானே. அந்த அம்மா விளக்கினார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் சின்னச் சின்ன கூடங்களில், மேசைகளுக்கு நடுவே ஒருத்தி நின்று, ஒரு பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு பாடுவது, ஊரைக் கேலி செய்வது, தன்னையே கேலி செய்வது, அதற்குப் பேர்தான் அது என்றார். இதே மாதிரி இன்னும் இரண்டு பாட்டு பாடுவோம் என்று அவரிடம் சொன்னோம். செகந்திராபாத்தில் ஒரு பழைய கிளப்பில் அவரும் சில நண்பர்களும் சங்கீதக் கூட்டம் நடத்துகிறார்களாம். அங்கே நிஜப் பியானோ இருக்கிறதாம். பழுது பார்க்க ஆள் கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். போன் நம்பர் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் யார் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் அதை மறந்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. பிள்ளைகள் இதுவும் ஏதோ பயிற்சி என்று நினைத்துக் காத்திருந்தார்கள். தொண்டை டாக்டரிடம் போனோம். குழாயைவிட்டுப் பார்த்துவிட்டு, குரல் நாண்களில் தடிப்பு இருக்கிறது, பேசிப்பேசி வந்தது, இந்த வேலையை விடமுடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அப்போதுதான் என்னைப் பயிற்சியாளர்களுக்கெல்லாம் தலைமையாகப் போட்டிருந்தார்கள். அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. ஊமையாக வந்த பிள்ளை மூன்றாவது வாரத்தில் வாயைத் திறப்பதைப் பார்க்கிற சந்தோஷம் எனக்கு வேறெதிலும் இல்லை.

பாடுவீர்களா என்று கேட்டார் டாக்டர். பாடுவேன் என்றேன். அப்படியானால் உங்களுக்கே தெரிந்துவிடும் என்றார். எப்போதும் எட்டுகிற மேல் சுரம் எட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அது வருகிறவரை பயமில்லை. அது வராமல் போகிற அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு என்னிடம் வாருங்கள், தள்ளிப்போட்டால் போனது திரும்பாது. இதைச் சொல்லும்போது வீட்டுக்காரர் கீழே மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். மேலே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டார். வெந்நீர் குடிக்கச் சொன்னார் என்றேன். அவருடைய பரிதாபத்தை அன்றைக்குத் தாங்குகிற தெம்பு எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு எனக்குப் பாட்டாக மட்டும் இல்லை. சபையிலிருந்து வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் அவர் கீபோர்டு முன்னால் உட்காருவார். சாவிப் பாட்டு, குடைப் பாட்டு, பிறகு விருந்துப் பாட்டு. கடைசி வரி வரும்போது டாக்டர் சொன்னது நினைவுக்கு வரும். கதவைச் சாத்தியாகிவிட்டது. இரு. சுரம் வந்துவிடும். மெல்லத்தான் வரும், ஆனால் வந்துவிடும். அப்பாடா என்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது வந்ததால் திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.

கீழ் வரிகள் மட்டும் வரவர எனக்குப் பிடிபடவில்லை. விருந்தாளிகளைத் துரத்துகிற இடங்கள் பள்ளத்தில் விழுந்துகொண்டே போயின. அடியில் சத்தமே இல்லாமல் வெறும் காற்றாக வரும். வயசாகிறது, அலுப்பு, ஊர்த் தூசி என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டேன். மேலே எட்டுகிறதா, அதுதானே கேள்வி. எட்டுகிறது.

மறந்துபோன அந்தத் தார்நாகா அம்மா ஒரு வருடத்துக்குமேல் கழித்துக் கூப்பிட்டார். கல்கத்தாவிலிருந்து ஒருவர் வந்து பியானோவைச் சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார், நீங்கள் வந்து மூன்று பாட்டும் பாட வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டு ஹாலில், குக்கர் விசிலுக்கு நடுவே பாடின பாட்டை, அதற்கென்றே வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் முன்னால் பாடப்போகிறேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நம்ம கீபோர்டயே கொண்டுபோயிருவோமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜப் பியானோ இருக்கிற இடத்துக்கு யாராவது கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போவார்களா? நான் மாட்டேன் என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். மகள் டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று வந்து நின்றாள். அத்தோடு போயிற்று.

அன்றைக்கு மத்தியானமே போய்விட்டோம். கிளப் கூடத்தில் நாற்காலிகளை அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பியானோவின் மூடியைத் திறந்து அவர் உட்கார்ந்தார். இடதுகை தன்பாட்டில் கட்டைகளுக்கு மேலே, மூலைக்குப் போயிற்று. அங்கே வெறும் மரம். கையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை புரியவில்லை.

சாவிப் பாட்டும் குடைப் பாட்டும் கொஞ்சம் இறுக்கமாக இருந்தன. பாதி பேச்சுதானே, ஓட்டிவிட்டேன். விருந்துப் பாட்டில் கீழ் வரிகள் கணீரென்று வந்தன. எவ்வளவு நாளாயிற்று இப்படி வந்து என்று எனக்கே ஆச்சரியம். நல்ல வாத்தியம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டே மேலே போனேன். கதவைச் சாத்தியாயிற்று. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

திரும்பப் பாடினேன். திரும்பவும் காற்று.

இந்தப் பியானோ சுருதி ஏறிக்கிடக்கிறது, அந்தக் கல்கத்தாக்காரன் எதையோ கெடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்களுக்குக் காது கேட்கவில்லையா என்று அதட்டினேன். அவர் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பியானோ சரியாத்தான் இருக்கு. வீட்ல நான் எறக்கி வச்சிருந்தேன்."

"எத்தன?"

"நாலு."

"எப்பமிருந்து?"

"டாக்டரப் பாத்துட்டு வந்தம்லா, அதுக்குப் பொறவு. ஒண்ணு ஒண்ணாத்தான்."

"என்ட்ட ஏன் சொல்லல?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார். "சபையில யார்ட்ட சொல்லுதோம்?"

"நான் என்ன சபையா?"

நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்கள், ஆனால் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குப் பாஷை வேண்டியதில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கண்முன் வந்தது. இத்தனை காலமும் என் தொண்டை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது, நான் அது இருக்கிறது என்று நம்பி அதை வைத்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதில் இரண்டு மூன்று மாதம் முன்னால் தெரிந்திருந்தால்கூட டாக்டரிடம் ஓடியிருப்பேன். அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான். அதுவும் கொஞ்ச நேரத்தில் களைத்துப்போய்விட்டது.

பாட்டை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன், நான் பாடப்போவதில்லை, சும்மா வாசியுங்கள் என்று. வாசித்தார். பியானோவின் பங்கு மட்டும்தான், ஆனால் என் பங்கு எங்கே வரும் என்று எனக்குத் தெரியுமே. இவ்வளவு உயரத்திலா நான் பாடிக்கொண்டிருந்தேன் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடித்துவிட்டு எழுந்து வந்தார். "வண்டி பிடிச்சுப் போயி கீபோர்ட எடுத்துட்டு வந்துருதேன். நேரம் கெடக்கு" என்றார்.

"வேண்டாம். எழுதியிருக்கதயே வாசிங்க."

தார்நாகா அம்மா சமோசாக்களும் நிகழ்ச்சித் தாள்களுமாக வந்துவிட்டார். தாளில் மூன்று பாட்டும் அச்சாகியிருந்தன. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். ரிட்டையரான ஆங்கிலோ இந்திய டீச்சர்கள், தார்நாகா விஞ்ஞானிகள், ஹைடெக் சிட்டியிலிருந்து போக்குவரத்து நெரிசலில் மாட்டி, கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்து உட்கார்ந்தவர்கள். சாவிப் பாட்டுக்குச் சிரித்தார்கள். குடைப் பாட்டுக்கு நன்றாகச் சிரித்தார்கள். பிறகு விருந்துப் பாட்டு. எனக்கு நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்து, உங்கள் கோட்டு அங்கே இருக்கிறது, உங்கள் வண்டி வந்துவிட்டது என்று துரத்தினேன். எல்லாரும் போய்விட்டால் போதும், நான் உட்கார வேண்டும் என்று மனசாரத்தான் சொன்னேன். அடையாள அட்டைக்காரர் ஒருவர் நிஜமாகவே நெளிந்தார்.

கடைசி ஆள் படியிறங்கினான். கதவைச் சாத்தினேன். அவர் கார்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். வராது என்று தெரியும். காற்றைக் கேட்கவைக்க மனசில்லாமல் மூடிக்கொண்டேன். கூடம் அப்படியே இருந்தது. கார்டு தேய்ந்துகொண்டே போயிற்று. அது முழுக்க அடங்குவதற்கு முன்னால் அவருடைய வலதுகைச் சுண்டுவிரல் மேலே போய் ஒரே ஒரு கட்டையைத் தொட்டது. என் சுரம். அவ்வளவு மெல்ல அவர் எதையும் தொட்டு நான் கேட்டதில்லை.

கைதட்டு நிற்க நேரமாயிற்று. தார்நாகா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த எடத்துல பாடாம நின்னேளே, அதுதான் பாட்டு. எப்படித் தோணித்து உங்களுக்கு?" என்றார். எனக்குத் தோன்றவில்லை அம்மா, எனக்கு வரவில்லை என்று சொல்ல நினைத்தேன். ஊரே கூடி நின்று, தொலைந்துபோன ஒன்றுக்காகக் கை தட்டுகிறது. சிரித்தேன். சிரிக்கிறதுதான் எனக்குத் தொழிலாயிற்றே.

அதன்பிறகு பல நாள் நான் அவரிடம் பேசவில்லை. அவர் அதைத் தொண்டைக்குக் கொடுக்கிற ஓய்வு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, என்னிடம் கையாலேயே ஜாடை காட்டினார், மிளகு ரசம் வைத்துக்கொடுத்தார். அந்த ஜாடையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, டாக்டர் அன்றைக்கு என்ன சொன்னார் என்பதைச் சொன்னேன். அந்தச் சுரத்தைப் பார்த்துத்தான் நான் ஒவ்வொரு வாரமும் வேலைக்குப் போனேன் என்று சொன்னேன். அவருக்கு அது அதுவரை தெரியாது.

"வாரம் பூரா செத்த முகத்தோட வார. அந்த ஒரு சொல்லுக்குத்தான் முகம் தெளியும். அதயும் எடுத்துரக் கூடாதேன்னு பாத்தேன்" என்றார்.

ஆறிப்போன ரசத்தை எடுத்துக் குடித்தேன்.

டாக்டர் இரண்டாவது முறை அவ்வளவு அன்பாகப் பேசவில்லை. தடிப்பு வளர்ந்திருந்தது. கத்தி வைத்து எடுத்தார்கள். அந்த மேல் சுரங்கள் திரும்பவில்லை. கம்பெனியில் கேட்டு வேறு பிரிவுக்குப் போனேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பதிவான பேச்சுகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற வேலை. பேச வேண்டியதில்லை. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள்தான் பேசுவார்கள். யாரோ ஒருவன் திட்டத் திட்ட, நான் காட்டின இடத்தில் நிறுத்தி, நான் காட்டின குரலில் மன்னிப்புக் கேட்பார்கள். சிரிப்பு கேட்கும். அது என் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு நிற்கவில்லை. இப்போது அவர் பட்டனுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, எவ்வளவு என்று கேட்பார். நான் சொன்னால்தான் அமுக்குவார். ஐந்து என்பேன், சளி பிடித்த நாளில் ஆறு என்பேன். எண்ணை வாய்விட்டுச் சொல்வது முதலில் அவமானமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

எப்போதாவது, அலுப்பு குறைந்த நாளில், ஒன்றும் இறக்க வேண்டாம், எழுதியிருக்கிறபடியே வாசியுங்கள் என்று சொல்வேன். விருந்தாளிகளை எல்லாம் அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நான் நின்றுவிடுவேன். அவர் கார்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பொறுப்பார். பிறகு சுண்டுவிரலால் என் சுரத்தைத் தொடுவார். தொடட்டும் என்று நான் விட்டுவிடுகிறேன்.